மரக்கூட்டு மோட்டார் வண்டி



மோட்டார் வண்டி என்றதும் இரும்பே நம் நினைவிற்கு வருகிறது. ஆனால் 1920களில் ஓடிய வண்டிகள் பலவற்றின் உடல் மரத்தால் ஆகியது. இரும்பு அடிச்சட்டத்தின்மேல் மரக்கூடு. அக்கூட்டின்மேல் மெல்லிய தகடு. குதிரை வண்டி செய்த தொழிலாளர்களே மோட்டார் வண்டிக்கும் உடல் செய்தமையால் இம்முறை நிலைத்தது. சென்னையில் 1840இல் தோன்றிய சிம்சன் நிறுவனமும் குதிரை வண்டியிலிருந்தே மோட்டார் வண்டிக்கு வந்தது. 1914இல் அமெரிக்க டாட்ஜ் சகோதரர்கள் முழு எஃகு உடலுடன் கார்களை வெளியிட்டனர். அதன்பின் மரம் படிப்படியாக விலகிற்று.

அம்மரக்கூட்டை நான் நேரிற் கண்டது பிளவக்கலில். பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு அருகே, ஒரு தோப்புக் கொட்டகையில், 1930களில் இங்கிலாந்தில் செய்த கார் ஒன்று கிடந்தது. அதைப் புதுப்பிக்க வந்த முதிய தச்சர் ஒருவருக்கு நான் துணையாள்.

கதவுகள் மூடவில்லை, தகட்டைக் கழற்றினோம். உள்ளே ஆஷ் என்னும் சீமை மரம். அது அதிர்ச்சி தாங்கும். ஈரத்திற்கும் கரையானுக்கும் ஆற்றாது. இடக்கதவின் கீழ்ச்சட்டம் ஓரளவு நலமாயிருந்தது. வலப்பக்கத்துச் சட்டமோ உளுத்துக் கிடந்தது. பயனற்றதென எண்ணி அதை வாரிக் குப்பையிற் கொட்டினேன்.

"அளவையும் சேர்த்துக் கொட்டிவிட்டீர்களே, தம்பி!" என்றார் தச்சர்.

நீளம், வளைவு, திருகாணி நின்ற இடம் யாவும் அவ்வுளுத்த மரத்திலன்றோ இருந்தன! இடச்சட்டத்தைத் திருப்பி வரைந்து, தேக்கில் இழைத்துப் பொருத்தினோம். கதவு ஒரு விரற்கடை இறங்கி நின்றது. கையால் செய்த உடலில் இருபக்கமும் ஒத்திரா என்பதை அன்று உணர்ந்தேன். மூன்றாம் முறை இழைத்த பின்னரே கதவு மூடிற்று.

அதன்பின் கூடு சாயாதபடி முட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு சட்டத்தையும் அளந்து, காகிதத்தில் படியெடுத்த பின்னரே கழற்றினோம். ஒரு சட்டத்தின் உட்புறத்தில் பென்சிற் குறிகள் தெரிந்தன. அதைச் செய்த தொழிலாளி இட்டவை. தச்சர் அச்சட்டத்தை மாற்றவில்லை. உளுத்த முனையை மட்டும் அறுத்து, தேக்குத் துண்டைப் பிணைத்தார்.

நண்பர்களே! வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் இல்லை. பழுதுற்ற ஒரு மரச்சட்டத்திலும் உண்டு. உங்கள் இல்லத்துப் பழம்பொருளை எறிய நேர்ந்தால், எறியுமுன் அதனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பொருள் அழியினும் அதன் சான்று நிற்கும்.