இளைஞர் என்னும் சொல்

இளைஞர் என்னும் சொல் இன்று எவர் வாயிலும் பயிலும் எளிய சொல். மன்றங்களின் பெயர்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அது நாள்தோறும் ஒலிக்கின்றது. வயதிற் குறைந்தவர் என்பதே அதன் பொருள் எனப் பலரும் கொள்வர். ஆயினும் அச்சொல்லின் வரலாற்றை நோக்குமிடத்து, அது வயதை மட்டுமன்றிச் சமுதாயத்தில் ஒருவர் நிற்கும் இடத்தையும் குறித்து வந்தமை புலனாகும்.

இச்சொல்லுக்கு அடி 'இள' என்பதாகும். இளநீர், இளந்தளிர், இளவெயில், இளவேனில் என்னும் வழக்குகளில் அது முற்றாமையையும் மென்மையையும் தொடக்கநிலையையும் உணர்த்துகின்றது. இனிமேல் முற்றுதற்கு இடமுண்டு என்னும் குறிப்பும் அதனுள் அடங்கியுள்ளது.

அதே அடி முறைமையையும் குறிக்கும். அறுபது வயதைக் கடந்த தம்பியும் தமையனுக்கு இளையவரே. இராமனின் தம்பியாகிய இலக்குவனுக்கு இளையபெருமாள் என்னும் பெயர் வழங்குகின்றது. சேரன் செங்குட்டுவனின் தம்பியார் எனப் போற்றப்படும் இளங்கோவடிகளின் பெயரிலும் இப்பொருளே அமைந்துள்ளது. இங்கே இளமை என்பது பிறப்பு வரிசையில் பின்னிற்றல்.

பின்னிற்றல் என்னும் இப்பொருள் பணியையும் தழுவிற்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்துக் கற்பியலிலே இளையோர் என்போர் தலைவனுடன் செல்லும் ஏவலாளராகக் காட்டப்படுகின்றனர். வழியின் இயல்பைக் கூறுதலும், மேற்கொண்ட கருமத்தின் விளைவை உரைத்தலும் அவர்க்குரிய கூற்றுக்களாக வகுக்கப்பட்டன. கருமத்தைத் துணிபவன் தலைவன். துணிந்ததை முடிக்க உதவுபவர் இளையோர்.

இதற்கு மாறாக, இளமையின் வலிமையைப் போற்றிய சொற்களும் தமிழில் இருந்தன. பாலைத் திணையின் தலைவனுக்குக் காளை, விடலை, மீளி என்னும் பெயர்கள் உரியன. காதலியை உடன்கொண்டு கொடிய சுரத்தைக் கடக்கும் ஆண்மகனுக்கு அவை பொருந்தின. பிற்காலத்துப் பாட்டியல் நூலார் இப்பெயர்களை வயதிற்கேற்ப வரையறுத்து, முப்பதுக்கு மேற்பட்டவனை முதுமகன் என்றனர். பெண்களைப் பேதை முதலாக எழுவகைப்படுத்தியவர்களோ, நாற்பது வயதினளையும் பேரிளம்பெண் என்றே வழங்கினர். ஆணின் முப்பது முதுமையாகவும், பெண்ணின் நாற்பது இளமையாகவும் எண்ணப்பட்டமை சிந்தித்தற்குரியது. வயதின் அளவைக் காட்டிலும் வயதைப்பற்றிய எண்ணமே சொல்லை ஆண்டது.

ஈழத்தில் இவ்வெண்ணம் பெரிதும் மாறிய காலம் 1920ஆம் ஆண்டுகள் ஆகும். 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. வாலிபர் என்பதும் இளைஞரைக் குறிப்பதே. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் அதனை நடத்தினர். சாதிக் கொடுமையை அவர்கள் எதிர்த்தனர். நாட்டிற்கு முழு விடுதலை வேண்டினர். 1927இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அவர்களது அழைப்பினாலேயாகும். ஏவியதைச் செய்வோர் என முன்னாளில் எண்ணப்பட்டோர், ஊரார்க்கு வழிகாட்டும் நிலையை அடைந்தனர்.

அந்நிலை பொறுப்பையும் உடன் கொணர்ந்தது. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கருதிய வாலிபர் காங்கிரஸ், 1931ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கும்படி வேண்டிற்று. வடபகுதியின் நான்கு தொகுதிகளில் வேட்பாளர் நிற்கவில்லை. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலும் அதுவே. 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெறும்வரை அத்தொகுதிகளின் ஆசனங்கள் வெறுமையாய்க் கிடந்தன. கொள்கையுறுதி என அதனைப் புகழ்ந்தோரும், பேரிழப்பு என இரங்கினோரும் உளர். எவ்வாறாயினும், இளையோர் சொல்லுக்கு முதியோரும் செவிசாய்த்தனர் என்பது உறுதி. 1959இல் வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டபோது, இளைஞரின் துணிபுக்குச் சட்டமும் இடமளித்தது.

எனினும் பழைய பொருள் முற்றாக நீங்கவில்லை. இளைஞர் என்னும் பன்மை இருபாலார்க்கும் பொதுவாயினும், இலங்கையில் 'இளைஞர் யுவதிகள்' எனப் பிரித்துக் கூறும் வழக்கு உண்டு. யுவதியைச் சேர்த்துச் சொல்லாவிடின் ஆடவர் மட்டுமே நினைவுக்கு வருகின்றனர். கூட்டங்களிற் கதிரை அடுக்கவும் பந்தல் கட்டவும் இளைஞரை அழைத்து, முடிவெடுக்கும் வேளையில் அவரை மறப்போரும் உளர். அத்தகையோர் நாவில் அச்சொல் இன்னும் ஏவலாளரையே குறிக்கின்றது. முற்றுதற்கு இடமுள்ளதே இளமை. அவ்விடத்தை இளையோர்க்கு அளிப்பது மூத்தோர் கடன். அதனைப் பொறுப்புடன் நிரப்புவது இளையோர் கடன்.