கற்றளி கண்ட செம்பியன் மாதேவியார்



சிவநெறிக்குத் துணை நின்ற அரசியார் என்றவுடன் நம் உள்ளம் மங்கையர்க்கரசியாரிடம் செல்கின்றது. சோழர் குலத்திற் பிறந்து, பாண்டியர் குலத்திற் புகுந்து, கணவனார் வேறு நெறி சார்ந்திருந்த காலத்தும் தம் நெறி வழுவாது நின்று, திருஞானசம்பந்தப் பிள்ளையாரை ஆலவாய்க்கு வரவழைத்த பெருமாட்டியார் அவர். அறுபத்துமூவருள் ஒருவராகத் திருக்கோயில்தோறும் பூசை கொள்கின்றார். அவர் பெருமை அன்பர்கள் பலகாலும் கேட்டறிந்தது. நாம் இன்று சிந்திக்கப் புகுவது மற்றோர் அரசியாரை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை பாடியருளிய காலத்துக்குப் பின் தோன்றியவராதலின் அவர் அத்தொகையில் இடம்பெற இயலவில்லை. அவருடைய புராணம் ஏட்டில் இல்லை, கல்லில் இருக்கின்றது. அவரே செம்பியன் மாதேவியார்.

நெம்மேலியில் இருந்துகொண்டு காவிரிக்கரை அரசியைப் பேசுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். நம் கடற்கரை பல்லவர் வாழ்ந்த கரை. தெற்கே மாமல்லையில் அலைவாய்க் கோயில் எடுப்பித்த இராசசிம்மன், காஞ்சியில் கயிலாயநாதர் திருக்கோயிலையும் எடுப்பித்தான். அக்கோயிலின் முன் வரிசையாக நிற்கும் சிறு கோயில்களில் ஒன்றனை எடுப்பித்தவள் அரங்கபதாகை என்னும் பல்லவப் பேரரசி. அவள் பெயர் அங்கே வடமொழியிற் பொறிக்கப்பட்டுள்ளது. ஆதலின் அரசமாதேவியர் கற்கோயில் எடுப்பித்தல் நம் தொண்டை நாட்டுக்குப் புதிதன்று. ஆயினும் யாம் செம்பியன் மாதேவியாரிடம் செல்லும் வழி வேறு. அது திருக்கழுக்குன்றத்தின் வழி.

கழுக்குன்றத்துக்கு நம் ஊரார் போகாதவர் இல்லை. மலைவலம் வருவோர் பலர்; அங்குள்ள கல்வெட்டை நின்று நோக்குவோர் சிலர். அவற்றுள் ஒன்று முதலாம் ஆதித்த சோழனது 27ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பெற்றது. கழுக்குன்றத்து மூலத்தானத்துப் பெருமானுக்குக் கந்தசிடன் என்னும் பழைய மன்னன் நிலம் விட்டிருந்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதனை அவ்வாறே காத்தான். ஆதித்தனும் அதனை அவ்வாறே காத்தான் என்பது அக்கல்வெட்டின் பொருள். பல்லவர் ஆட்சியை வென்று தொண்டை நாட்டைக் கொண்டவன் ஆதித்தன். நாட்டைக் கொண்டவன் கோயில் நிலத்தைக் கொள்ளவில்லை. மாற்றான் குலத்தவர் இறைவனுக்குக் கொடுத்த வாக்கைத் தன் வாக்காக ஏற்றான். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் இருத்துக. பின்னால் வேண்டப்படும்.

அதே கழுக்குன்றத்தில் வேறிரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் சோழன் பெயர் இல்லை. கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவனின் 17ஆம், 19ஆம் ஆட்சியாண்டுகள் குறிக்கப்பெற்றுள்ளன. கன்னரதேவன் என்பவன் இராட்டிரகூட மன்னனாகிய மூன்றாம் கிருட்டிணன். கி.பி. 949இல் தக்கோலத்தில் நிகழ்ந்த பெரும்போரில், முதலாம் பராந்தகனின் மூத்த மகனான இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே உயிர்துறந்தான். அதன்பின் நம் தொண்டை நாடு சோழர் கையினின்றும் நழுவிற்று. நாம் வாழும் இந்தப் பகுதியில் வேற்று மன்னன் ஆட்சியாண்டிட்டுத் தமிழில் கல்வெட்டு எழுந்த காலம் எதுவோ, அதுவே செம்பியன் மாதேவியார் சோழர் கோமகளாய் வாழ்ந்த காலம்.

மாதேவியார் மழவரையர் மகளார். பராந்தகனின் இரண்டாம் மகனான கண்டராதித்தரை மணந்தார். அண்ணன் களத்தில் மாண்டமையால் முடி கண்டராதித்தரை நாடி வந்தது. அவர் தில்லைக் கூத்தப்பெருமானைப் பாடிய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் உள்ளது. வாளினும் பாட்டில் உள்ளம் தோய்ந்த மன்னர் அவர். பின்வந்த கல்வெட்டுகள் அவரை மேற்கெழுந்தருளிய தேவர் என்று சுட்டுகின்றன. அத்தொடருக்கு அறிஞர் பலவாறு பொருள் கூறுவர். யாம் அதில் இறங்கவில்லை. நம் பொருளுக்கு வேண்டியது இவ்வளவே: கி.பி. 957 அளவில் கண்டராதித்தர் இல்லை. மதுராந்தகன் என்னும் சிறு குழந்தையுடன் மாதேவியார் தனித்து நின்றார். நாட்டில் வடபாதி மாற்றான் கையில். அரியணை, குழந்தையின் சிற்றப்பன் அரிஞ்சயனுக்கும் பின் அவன் மகன் சுந்தர சோழனுக்கும் சென்றது.

அரண்மனைகளின் வரலாறு அறிந்தோர் இந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பர்? முடிக்கு உரிய மகனை மடியில் வைத்திருக்கும் தாய் ஒருத்தி, படை திரட்டிக் குலத்தை இரண்டாக்கிய கதைகள் உலகெங்கும் உள. மாதேவியார் அவ்வாறு செய்தமைக்கு ஒரு கல்வெட்டும் சான்றில்லை. அவர் விளக்கு வைத்தார், நிலம் விட்டார், கோயில் எடுத்தார். சுந்தர சோழனின் மூத்த மகன் இரண்டாம் ஆதித்தன் வஞ்சனையாற் கொல்லப்பட்ட பின்னரே மதுராந்தகன், உத்தம சோழன் என்னும் பெயருடன் முடிபுனைந்தான். அக்கொலையில் உத்தம சோழனுக்குப் பங்குண்டோ என்று நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். கொலைஞரின் நிலங்களைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டினது. அதில் உத்தம சோழன்மீது பழி ஏதும் இல்லை. உத்தமனுக்குப்பின் தன் மகனை அல்லாமல், கொலையுண்டவனின் தம்பியாகிய இராசராசனே கி.பி. 985இல் முடி சூடினான் என்பதையும், அவ்விராசராசன் ஆட்சியிலும் மாதேவியார் மதிப்புக் குன்றாது திருப்பணி செய்தார் என்பதையும் எண்ணினால் பண்டாரத்தார் பக்கமே எம் உள்ளம் சாய்கின்றது. கதையாசிரியர்கள் இங்கே பலவற்றைக் கற்பித்துச் சுவையூட்டினர். கதையைக் கதையாகப் படிக்கலாம்.

உத்தமன் காலத்தில் தொண்டை நாடு மீண்டும் சோழர் வசம் இருந்தது. காஞ்சி ஊரகத்துத் திருமால் கோயிலின் நிவந்தங்களை ஒழுங்கு செய்த அவனது செப்பேடு சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. சைவப் பேரரசியாரின் மகன் வைணவக் கோயிலின் கணக்கையும் அவ்வளவு நுணுக்கமாகப் பேணினான் என்பதைக் குறிப்பிட்டு மேலே செல்கின்றோம்.

இனித் திருப்பணி. மூவர் முதலிகள் பாடிய காலத்தில் சோழ நாட்டுத் தளிகளிற் பெரும்பாலன செங்கல்லும் மரமுமாய் இருந்தன. மழையும் வெள்ளமும் மரத்தின் வேரும் அவற்றை அழித்து வந்தன. அத்தகைய பாடல் பெற்ற தலங்களை ஒவ்வொன்றாகக் கற்றளியாக்கியவர் மாதேவியார். திருநல்லம், தென்குரங்காடுதுறை, திருக்கோடிகா, திருத்துருத்தி, திருமுதுகுன்றம் என்று அவ்வரிசை நீளும். நமிநந்தியடிகள் நீரால் விளக்கெரித்த ஆரூர் அரநெறியும் அவரால் கற்றளியாயிற்று. காவிரிப் பாய்ச்சலில் கல் விளைவதில்லை. தொலைவிலிருந்து கொணர வேண்டும். கல் வெட்டுவோர், இழுப்போர், தச்சர், அவர்க்குச் சோறு, அச்சோற்றுக்கு நெல் என ஒரு கற்றளிக்குப் பின்னே ஒரு நாட்டின் நிருவாகமே நிற்கின்றது. அதனை ஒரு தலத்தில் அன்று, பல தலங்களில், பல்லாண்டு நடத்தியவரை ஆட்சி செய்யாதவர் என்று எவ்வாறு கூறுவது?

ஆயினும் எம்மை ஆட்கொண்டது கட்டடத்தின் பெருமை அன்று. திருக்கோடிகாவில் அவர் செய்த ஒரு செயல்.

அங்கே பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் எடுக்க முற்பட்டபோது, முன்னோர் அளித்த கொடைகள் பொறித்த கற்கள் பல இருந்தன. அவை ஒருவர் கொடையல்ல. பல மன்னர் காலத்தில், பற்பலர், விளக்குக்கும் அமுதுக்கும் கொடுத்தவை. அப்பழைய கற்களிற் கண்டதைப் படியெடுத்துப் புதிய கற்றளியின் சுவர்களில் மீண்டும் வெட்டுவித்தார் மாதேவியார். இது பழங்கற்படி என்று குறித்தும் வைத்தனர். தம் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ள இடமிருந்த சுவரில், மறைந்தவர்களின் பெயருக்கு இடம் கொடுத்தார்.

இதன் அருமை விளங்க வேண்டுமாயின் அக்காலத்து நுந்தாவிளக்கு எரிந்த முறையை அறிதல் வேண்டும். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விடுவர். அவற்றை இடையர் ஏற்று மேய்த்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், மூக்கும். ஆயினும் குட்டியால் தொகை குறையாது நிற்கும் என்பதால் சாவா மூவாப் பேராடு என்றனர். மேய்த்தவன் மறைந்தால் அவன் வழியினர் அளப்பர். சந்திராதித்தவர் உள்ளளவும் என்று வெட்டிய அந்த உடன்படிக்கைக்குச் சாட்சி எது? கல் ஒன்றே. கல் அடித்தளத்திற் புதைந்தால், எவன் எத்தனை ஆடு ஏற்றான், எவன் எவ்வளவு நெய் அளக்கக் கடவன் என்பதும் உடன் புதையும். சில தலைமுறையில் விளக்கு அணையும். எவரும் அணைத்ததாகவும் இராது. கோடிகாவின் படிக்கற்களால் எத்தனை ஏழையர் ஏற்றிய விளக்குகள் அணையாது காக்கப்பெற்றன! கழுக்குன்றத்தில் ஆதித்தன் ஒரு கொடைக்குச் செய்ததை, அவன் பேரனை மணந்த இப்பெருமாட்டியார் ஒரு கோயிலின் கொடைகளுக்கெல்லாம் செய்தார் என்று கொள்ளலாம்.

இதனை யாம் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சிவாலயத்துக் குடமுழுக்கில் பேசச் சென்றிருந்தோம். ஊரார் அன்புடன் பொருள் திரட்டிக் கோயிலைப் புதுக்கியிருந்தனர். குறை கூற ஒன்றுமில்லை என்றே எண்ணி வலம் வந்தோம். மடைப்பள்ளி வாயிலில் படியாகக் கிடந்த கல்லில் காலை வைக்கையில் எழுத்துப் புலப்பட்டது. பக்கத்துச் சுவரில் பளபளப்பு வேண்டி மணலைப் பீய்ச்சித் தேய்த்திருந்தனர். அங்கிருந்த வரிகள் தடவினால் மட்டுமே தெரியுமாறு மழுங்கியிருந்தன. வினவியபோது, பழைய கிறுக்கல் என்றார் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். தம் நிலத்தை விற்றுத் திருப்பணிக்குக் கொடுத்தவர். அவர் பெயரோ புதிய சலவைக்கல்லில் வாயிலருகே இருந்தது. அன்று மேடையில் யாம் பேச எண்ணியிருந்த பொருளை விடுத்துக் கோடிகாவையே பேசினோம். பேச்சு முடிந்தபின் அப்பெரியவர் வந்து, அந்தப் படிக்கல்லைப் பெயர்த்து உள்ளே நிறுத்தி வைப்பதாகக் கூறினார். மழுங்கிய சுவருக்கு அவரும் யாமும் என் செய்வது?

திருநல்லத்துக்கு வருவோம். கோனேரிராசபுரம் என்று இன்று வழங்கும் அத்தலத்தைப் பெரிய நடராசப் பெருமான் திருமேனியால் அன்பர்கள் அறிவர். அங்கே மாதேவியார் எடுத்த கற்றளி, தம் கணவனார் கண்டராதித்தர் பெயரால் எடுத்தது. சிவலிங்கத்தின் முன் கண்டராதித்தர் வணங்கி அமர்ந்திருக்கும் சிற்பம் சுவரில் உள்ளது. அதன்கீழ் இன்னார் என்று எழுத்தும் உள்ளது. கோயிலை நின்று கட்டியவனையும் மறந்தாரில்லை. ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனான அரசரண சேகரன் என்று அவன் பெயரும், அவன் இராசகேசரி மூவேந்தவேளான் என்னும் பட்டம் பெற்றமையும் கல்லில் ஏறியுள்ளன.

மாதேவியார் எடுத்த கோயில்களின் கோட்டங்களில் ஆடல்வல்லான் திருவுருவம் தனியிடம் பெற்றது. முன்னைய கோயில்களில் அவ்வாறு கோட்டத்தில் எழுந்தருளுவித்தல் வழக்கமாக அமையவில்லை. தில்லையைப் பாடிய கணவனாரின் பாட்டை, அவர் மறைந்த பின் மனைவியார் கல்லிற் பாடினார் என்றே யாம் கருதுகின்றோம். இது கல்வெட்டுச் சான்றன்று. எம் உள்ளத்து உணர்வு.

உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார் என்று கல்வெட்டுகள் அவரை வழங்கும். அவர் பெயரால் நாகை வட்டாரத்தில் ஊர் ஒன்று அமைந்தது. அங்கே கயிலாயநாதர் திருக்கோயில் உள்ளது. உத்தமனின் தேவியர் பலர் அங்கே கொடை அளித்தனர். எதற்கெனில், சித்திரைத் திங்கள் கேட்டையில் பிறந்த தம் மாமியாரின் திருநாளைச் சிறப்பிப்பதற்கு. மருமகளிர் கூடி மாமியாரின் பிறந்தநாளுக்குக் கட்டளை வைத்தனர் என்பதை இங்குள்ள தாய்மார்கள் நன்கு கவனிக்க வேண்டும்! அரண்மனைப் புலவர் பாடும் மெய்க்கீர்த்தியை விட இதனை யாம் பெரிதாக மதிக்கின்றோம். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அக்கோயிலில் அவருக்குப் படிமமும் எடுக்கப்பட்டது.

மாதேவியாரின் முதற்கொடையாக அறியப்படுவது கி.பி. 941இல், மாமனார் பராந்தகன் ஆட்சியில் வைத்த விளக்கு. அதன்பின் கணவனார், கொழுந்தனார், அவர் மகன், தம் மகன், இராசராசன் என மன்னர் ஐவர் மாறினர். கி.பி. 1001இல், இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டில், நம் தொண்டை நாட்டின் தென்பகுதியில் திருவக்கரையில் சிவலோகமுடைய பரமசாமிக்கு அவர் எடுத்த கற்றளியைப் பற்றிய கல்வெட்டு உள்ளது. விளக்கு வைத்த ஆண்டுக்கும் அதற்கும் இடையே 60 ஆண்டுகள். மூதாட்டியாய்க் கைம்மை நோற்று நின்ற அப்பெருமாட்டியார் அங்கும் செங்கல்லைக் கல்லாக்கிக்கொண்டிருந்தார். நெம்மேலியிலிருந்து திண்டிவனம் வழியாக ஒரு பகற்பொழுதில் சென்று வரலாம். வக்கரைக் காளியை வழிபடச் செல்லும் நம் ஊர் அன்பர்கள், சந்திரமௌலீசுவரரை வணங்கி வலம் வருகையில் அப்பக்கத்துச் சுவர்களையும் சற்று நின்று நோக்குக.