வெரோனா வென்ற 43 புள்ளிகள்

1903இல் வெரோனா நகரப் பள்ளி மாணவர்கள் கூடித் தொடங்கிய கால்பந்துச் சங்கம் இது. கிரேக்க மொழி ஆசிரியரின் யோசனைப்படி ‘ஹெல்லாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அடுத்த எண்பது ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமுமாகவே போயின. அந்த ஹெல்லாஸ் வெரோனாதான் 1984–85இல் இத்தாலியின் சாம்பியன்.

ஓஸ்வால்தோ பன்யோலியை முதலில் சொல்லாமல் அந்த ஆண்டைப் பேச முடியாது. மிலானின் தொழிலாளர் பகுதியான போவிசாவில் பிறந்தவர், அதிகம் பேசாதவர். 1982இல் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்ட பயிற்சியாளரும் அவரே. யுவெந்துஸில் நிலையான இடம் கிடைக்காத ஃபன்னாவும் கால்டெரிசியும் அவரிடம் வந்து துலங்கினார்கள். கோல்கீப்பர் கரெல்லா கையால் தடுத்ததைவிடக் காலால் தடுத்ததற்கே பேர்பெற்றவர். 1984 கோடையில் ஜெர்மனியிலிருந்து பிரீகலும் டென்மார்க் வீரர் எல்கியாரும் வந்து சேர்ந்தார்கள்.

செப்டம்பர் 16, முதல் ஆட்டம். எதிரே நாப்போலி, இத்தாலிய லீக்கில் மாரடோனாவுக்கு அதுவே முதல் நாள். அவரை நிழல்போல் தொடர்ந்த பிரீகல் தானும் ஒரு கோல் போட்டார். வெரோனா 3–1.

அடுத்த மாதம் யுவெந்துஸ் வந்தது. இடப்பக்கமாகப் பந்தோடு பாய்ந்த எல்கியாரை எதிரணி வீரர் இடறிவிட, வலது பூட்ஸ் கழன்று போனது. அவர் நிற்கவில்லை. இன்னொருவரையும் கடந்து உள்ளே புகுந்து, வெறும் காலுறை அணிந்த அந்தக் காலாலேயே அடித்தார். பந்து வலைக்குள். ஆட்டம் 2–0.

பிப்ரவரியில் உதினேசே அணியின் ஊரில் 3–0 என முந்தியிருந்த வெரோனா 3–3 வரை சரிந்தது. அப்போதும் மனம் தளராமல் 5–3 என வென்றது. பட்டத்துக்குரிய அணி என்று எனக்கு உறுதிப்படுவது இந்த ஆட்டத்தில்தான்.

அந்த ஓர் ஆண்டு மட்டும் நடுவர்களை முழுக்கக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். வெற்றிக்கு அதுவே காரணம் என்பவர்கள் இன்றும் உண்டு. நான் ஏற்கமாட்டேன். 30 ஆட்டங்களில் 15 வெற்றி, 13 சமன், இரண்டே தோல்வி. வாங்கிய கோல்கள் 19. இதையெல்லாம் களத்தில் நின்று சம்பாதித்தவர்கள் த்ரிச்செல்லா தலைமையில் ஆடியவர்கள்.

1985 மே 12, பெர்கமோ நகரம். அட்டலாண்டா முதலில் கோல் போட்டது. எல்கியார் அதைச் சமன் செய்தார். பட்டத்துக்கு அந்த 1–1 போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிறு சொந்த பென்தெகோதி மைதானத்தில் அவெல்லினோவை 4–2 என வென்று, 43 புள்ளிகளோடு முடித்தது வெரோனா. இரண்டாமிடம் பெற்ற தொரினோவுக்கு 39. சங்கத்தின் வரலாற்றில் இன்றுவரை ஒரே லீக் பட்டம் இதுதான்.