திருவையாறு அசோகா

அசோகா அல்வா தஞ்சாவூர் மாவட்டத்துத் திருவையாற்றின் புகழ்பெற்ற இனிப்பு. குழைய வேகவைத்த பாசிப்பருப்புடன் நெய்யில் வறுத்த கோதுமை மாவு, சர்க்கரை, நெய் சேர்த்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறுவர், ஓவன் தேவையில்லை.

கோதுமை டெல்டாவில் விளைவதில்லை. பாசிப்பயறோ நெல்வயலின் பயிர். சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நெற்பயிர் நிற்கும்போதே உளுந்தும் பயறும் விதைக்கப்படும். மண்ணில் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அவை விளையும்.

1934-இல் மேட்டூர் அணை பயன்பாட்டுக்கு வந்தபின் டெல்டாப் பாசனம் அதன் நீர்திறப்பைச் சார்ந்தது. வழக்கமான திறப்பு நாள் சூன் 12. தண்ணீர் தாமதித்தால் நடவும் அறுவடையும் தள்ளிப்போகும். தை மாத விதைப்பு தவறும். பயறு விளைச்சல் குறையும். திருமணப் பந்தியில் அசோகா பரிமாறும் இப்பகுதியில், அரிசியைப் போலவே பருப்பும் காவிரி நீரையே நம்பியுள்ளது.