பருப்பு மாத்தயா

1954 இல் கொழும்பு மாநகரின் மேயரான கலாநிதி என். எம். பெரேராவின் அரசியலுக்கு அடிகோலியது தலைநகரன்று, கேகாலைப் பகுதியே. 1934–35 இல் மலேரியாக் கொள்ளைநோய் அங்கு உயிர்களை வாரிச் சென்றபோது, ஊர் ஊராகச் சென்று மருந்தும் பருப்பும் வழங்கினார். ‘பருப்பு மாத்தயா’ என்று கிராமத்தார் அழைத்தனர். அவர் பெற்ற பட்டங்களுள் இதுவே பெரிது எனலாம். 1936 இல் றுவான்வெலத் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது.

அவ்வட்டாரத்து இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரும் வாழ்ந்தனர். அவர்களது உரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அவர் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்; சட்டமோ நிறைவேறியது. 1952 தேர்தலில் அத்தொழிலாளரிற் பெரும்பாலாருக்கு வாக்கில்லை.

மேயர் பதவி 1956 உடன் முடிந்தது. 1964 இல் அவர் நிதியமைச்சரானார். அவ்வாண்டு ஒக்டோபரில், தோட்டத் தமிழருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்னும் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது, அவர் அங்கம் வகித்த அரசாங்கமே.