உப்புக்கு வேலி போட்ட கதை



"பணம் பணத்தோட சேரும்"னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. ஆனால் பணம் தானாகவா சேருகிறது? ஒருத்தர் கையில் மட்டும் அது மலையாகக் குவிவது வியாபாரத் திறமையாலா, அரசாங்கத்தின் தயவாலா? நம்ம அடுப்படியில இருக்கிற உப்புக்கே இதில் ஒரு பெரிய சரித்திரம் உண்டு.

1757-ல் பிளாசிப் போரில் ஜெயித்த பிறகு, வங்காளம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குள் வந்தது. 1765-ல் ராபர்ட் கிளைவ் அங்கே ஒரு வியாபாரச் சங்கம் ஆரம்பித்தார். உப்பு, பாக்கு, புகையிலை மூன்றிலும் மொத்த வியாபாரம் அந்தச் சங்கத்துக்கு மட்டும்தான். பங்குதாரர்கள் எல்லாம் கம்பெனியின் பெரிய அதிகாரிகள். கிளைவுக்கும் பங்கு உண்டு. சட்டம் போடுகிறவரே கடையும் வைத்தால் லாபத்துக்குக் கேட்கவா வேணும்?

சில வருஷத்தில் அந்தச் சங்கம் கலைந்தது. ஆனால் 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள உப்பைக் கம்பெனியின் ஏகபோகமாகவே ஆக்கிவிட்டார். 1805-ல் அது நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம்ம கடற்கரையில விளைகிற உப்பை அரசாங்கத்திடம்தான் கொடுக்கணும். அது வைத்த விலைக்குத்தான் ஜனங்கள் வாங்கணும்.

வரி கட்டாத உப்பு உள்ளே வராமலிருக்க, வடக்கே சிந்து நதிப் பக்கமிருந்து ஒரிசா வரைக்கும் சுங்கக் காவல் போட்டார்கள். 2,000 மைலுக்கு மேல் நீளம். அதில் பல நூறு மைலுக்கு முள்மரம் நட்டு உயிர்வேலியே வளர்த்தார்கள். ஏறக்குறைய 12,000 பேர் காவல்! 1879-ல்தான் அதைக் கைவிட்டார்கள்.

இதே உப்புக்கு இங்கிலாந்தில் வேறொரு கதை. 1888-ல் அங்கே 64 உப்புக் கம்பெனிகள் சேர்ந்து 'சால்ட் யூனியன்' என்று ஒரே கம்பெனி ஆயின. அரசாங்கம் சொல்லிச் சேரவில்லை. போட்டி இல்லாவிட்டால் விலையை ஏற்றலாமே என்ற ஆசைதான். விலையும் ஏறியது. அதைப் பார்த்ததும் வெளியாட்கள் புதுசாக உப்பு எடுக்க வந்துவிட்டார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டமும் இல்லை, முள்வேலியும் இல்லை. கொஞ்ச காலத்தில் யூனியனின் பிடி தளர்ந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக ஆளணும் என்ற ஆசை சந்தையிலும் பிறக்கும். ஆனால் அதற்கு வேலி கட்டிக் காவலும் நின்றால்தான் அது நூறு வருஷம் நிலைக்கும். அந்த வேலியைப் போடும் பலம் அரசாங்கத்திடம் இருக்கிறது. பிரிக்கும் பலமும் அதனிடமே இருக்கிறது. பிரிக்கச் சொல்லி நாமதான் கேட்கணும்.

அப்படிக் கேட்டவர்கள் உண்டு. 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே கிளம்பினார்கள். ஏப்ரல் 30-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர் ருக்மிணி லட்சுமிபதி. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் அவர்தான். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது.

நம் ஊரில் பாலோ, பூவோ, மீனோ, ஒரே ஆள்தான் வாங்குகிறார், அவர் சொல்வதுதான் விலை என்றால், "அவர் கெட்டிக்காரர்"னு சொல்லிட்டு விட்டுடாதீங்க. வேறு ஆள் ஏன் வரவில்லை? ஏலமும் குத்தகையும் யாருக்குப் போகிறது? அடுத்த குழுக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். வேலி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.