தீர்த்து எழுதிய காகிதம்

என் அப்பா நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பத்திரம் எழுதியவர். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை இவற்றோடு, தீர்த்து எழுதும் பத்திரங்களும் அவரிடம் வரும். கல்யாணத்தை முறித்துக்கொள்வதை எங்கள் பக்கம் தீர்த்துவிடுவது என்பார்கள். நானும் அதே தொழிலுக்கு வந்தேன். அவர் தகரப் பெட்டியில் போட்டுவைத்த நகல்களைப் படித்தால் ஒரு சங்கதி உறுத்தும். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கட்டில், கறவை மாடு, இத்தனை பவுன் என்று சீர்க்கணக்கு பக்கம் முழுக்க ஓடும். எது திரும்பியது, எது பாக்கி, எந்த அமாவாசைக்குள் கொடுப்பது எல்லாம் இருக்கும். பிள்ளைகளுக்குக் கடைசியில் ஒரே வரி: ஆண் குழந்தை தகப்பன் வசம், பெண் குழந்தை தாய் வசம். அடி உதை பற்றிப் பேச்சே கிடையாது. 'மனவொற்றுமை இல்லாதபடியால்' என்ற ஒரு சொற்றொடருக்குள் அப்பா அத்தனையையும் அடக்கிவிடுவார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துக்கொண்டு வந்ததைத்தான் அவர் எழுதினார். அந்தக் காலத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு நிலத்தில் நடைமுறையில் பங்கு கிடைப்பதில்லை. கொண்டுபோன சீர்தான் அவள் சொத்து. தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்ததே 1989-ல்தான், அதுவும் அதற்கு முன் கல்யாணம் ஆகாதவர்களுக்கு. அப்புறம் அண்டாவுக்காக அடித்துக்கொள்ளாமல் எதற்காக அடித்துக்கொள்வது?

இந்துக் கல்யாணம் முறிக்க முடியாத பந்தம் என்று மேடையில் பேசுவது சுலபம். உழைக்கும் சாதிகள் பலவற்றில் அது முறிந்துகொண்டுதான் இருந்தது. மதுரைப் பக்கத்துக் கள்ளர்களிடம், சாதியார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்தால் கல்யாணம் தீர்ந்தது என்று 1909-ல் வந்த, தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தன் தொகுப்பில் எட்கர் தர்ஸ்டன் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே, 1894-ல், இப்படி ஒரு வழக்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இருவரும் சம்மதித்து, ஒருவர் மற்றவருக்குப் பரிசச் செலவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பிரியலாம், மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சாதி வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். எங்கள் தொழில்காரர்களுக்கு இன்னொரு சான்றும் தெரியும். 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் அட்டவணையில் 'விவாகரத்துப் பத்திரம்' என்று தனி இனமே உண்டு. அன்றைக்குத் தீர்வை ஒரு ரூபாய். வெள்ளைக்காரன் இந்தக் காகிதத்துக்கு விலை போட்டு விற்றிருக்கிறான்.

ஆணுக்கு இந்தக் காகிதம் ரொம்ப காலம் தேவைப்படவில்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தால் கேட்பாரில்லை. சென்னை மாகாணத்தில் 1949-ல் வந்த இருதார மணத் தடை மற்றும் விவாகரத்துச் சட்டம்தான் அந்த வாசலை அடைத்தது. 1955-ல் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. முதல் கல்யாணம் தீராமல் இரண்டாவது செல்லாது என்றானபின் ஆண்களும் பத்திரத் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள் என்பது அப்பாவின் பெட்டியைப் பார்த்து நான் போட்ட கணக்கு.

அதே 1955 சட்டம் 29-ஆம் பிரிவில் ஒரு சந்து விட்டது: வழக்கத்தின் வழி கிடைக்கும் விவாகரத்து உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது. பஞ்சாயத்துக்காரர்கள் இன்றுவரை அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் வழக்கம் உண்டு என்று வாயால் சொன்னால் போதாது. பழமையானது, விடாமல் நடந்து வருவது என்று கோர்ட்டில் எடுத்துச் சொல்லி மெய்ப்பிக்க வேண்டும். 2004-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் இதை மறுபடி உறுதியாகச் சொன்னது. மெய்ப்பிக்க முடிந்தவர்கள் குறைவு.

அடி வாங்கியவள் கதை இதைவிட மோசம். 1955 சட்டப்படி கொடுமை விவாகரத்துக்குக் காரணமே இல்லை. தனியாக வாழ அனுமதி வாங்கலாம், அவ்வளவுதான். 1976 திருத்தத்தில்தான் கொடுமையும் கைவிட்டுப் போவதும் விவாகரத்துக்குக் காரணங்களாயின. இருவரும் ஒத்துப் பிரியும் 13-பி பிரிவு வந்ததும் அப்போதே. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமையைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்தது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடித்தால் கல்யாணம் முறியாமலே பாதுகாப்பு ஆணை வாங்கலாம், வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது என்று அது சொன்னது. அதுவரை எங்கள் ஊர்ப் பெண்கள் குறையைச் சீட்டில் எழுதி நாவலடியான் கருப்பண்ணசாமி கோயிலில் கட்டிவிட்டு வந்தார்கள். இப்போதும் கட்டுகிறார்கள், கருப்பண்ணசாமியிடம் சொல்வதில் தப்பில்லை, அதோடு நிற்பதுதான் தப்பு.

மோகனூர்ப் பெண்ணுக்குக் காவிரி ஆறு வேறு ஒரு சிக்கல். அக்கரையில் கரூர்ப் பக்கத்து வாங்கல். இங்கே பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவர்கள் ஏராளம். பாலம் வருவதற்கு முன் பரிசலில் கடக்க வேண்டும். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், இவற்றில்தான் அப்போது வழக்குப் போட முடிந்தது. பிறந்த வீடு திரும்பியவள் கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு வாய்தா கரூருக்கு அலைந்தாள். மனைவி தான் இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்ற திருத்தம் 2003-ல் வந்தது. சட்டப் புத்தகத்தில் அது சின்ன உட்பிரிவு. எனக்கு அதுதான் பெரிய சட்டம்.

ஜீவனாம்சம் ஒரு கூத்து. மாஜிஸ்திரேட் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 1955-ல் மாதம் 500 ரூபாய். அன்றைக்கு அது ஒரு வாத்தியார் சம்பளத்துக்கு மேல். அதே 500 ரூபாய் 2001-ல் வரம்பை எடுக்கும்வரை அப்படியே கிடந்தது. வரம்பு போனபின் வருமானத்தை நிரூபிக்கும் தகராறு. புருஷன் சர்க்கரை ஆலையில் இருந்தால் சம்பளச் சீட்டு இருக்கும். வெற்றிலைக் கொடிக்கால்காரனுக்கு என்ன வருமானம் என்று எதைக் காட்டுவது? கோர்ட்டுக்கு வந்தவுடன் எல்லோருடைய கொடிக்காலும் காய்ந்துவிடுகிறது.

பிள்ளைகளின் அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். 1956-ல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தகப்பனே இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பின் தாய் என்றது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கியை எதிர்த்து நடத்திய வழக்கில், அந்தப் 'பின்' என்பது செத்தபின் என்று அல்ல, தகப்பன் பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள்படும் என 1999-ல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. அதற்கு வெகு முன்பே, 1973-ல் சென்னையிலிருந்து போன வழக்கில், தகப்பன் உரிமையோ தாய் உரிமையோ அல்ல, குழந்தையின் நலனே முதல் என்றது. ஆக, ஆண் அங்கே, பெண் இங்கே என்று பங்கு பிரித்த அப்பாவின் வரி எந்தக் கோர்ட்டையும் கட்டுப்படுத்தாது. அந்த வரியால் தங்கையைப் பார்க்காமலே வளர்ந்த அண்ணன்கள் ஊரில் இருக்கிறார்கள், நரைத்துவிட்டார்கள்.

இன்றும் முத்திரைத்தாளோடு வருகிறார்கள். பெரியவர்கள் பேசிவிட்டார்கள், நீங்கள் எழுதினால் போதும் என்கிறார்கள். நான் எழுதுவதில்லை. அதை நம்பி மறுகல்யாணம் செய்து, வழக்கத்தை மெய்ப்பிக்க முடியாமல் போனால் அது செல்லாது, வழக்கும் வரும். கையில் அந்தக் காகிதம் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நாமக்கல் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். ஓராண்டு பிரிந்திருந்து இருவரும் ஒத்துக்கொண்டால் 13-பி மனு போடலாம். அடி விழுகிற வீடாக இருந்தால் மனுவுக்குக் காத்திருக்க வேண்டாம், 181-க்குப் பேசுங்கள்.